பல் டாக்டரிடம் போகவே பயமா? மரப்பு ஊசி முதல் முழு மயக்கம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பல்லைக் காட்டப் பயப்படுகிறவருக்கு நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். சின்னச் சொத்தையாக இருக்கும்போது வரமாட்டார். கிராம்பு வைப்பார், உப்புத் தண்ணீர் கொப்பளிப்பார், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு மாதக்கணக்கில் ஓட்டுவார், கடைசியில் கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியாமல் ஒரு ராத்திரி யாராவது இழுத்துக்கொண்டு வருவார்கள். அந்த நிலையில் மரப்பு ஊசி முழுசாக வேலை செய்யாது. சீழ் கோத்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுவதால் மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாமல் நின்றுவிடும். அதனால் வலிக்கும், அந்த வலி அவர் இத்தனை நாள் பயந்தது சரிதான் என்று ஆக்கிவிடும், அடுத்த தடவை இன்னும் தாமதமாக வருவார்.

இது ஒன்றும் அபூர்வமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 2009-ல் எடுத்த பல் நலக் கணக்கெடுப்பில், பல் டாக்டரிடம் போயிருந்த பெரியவர்களில் 12 சதவீதம் பேருக்குக் கடுமையான பயம் இருந்தது. நான் பல் டாக்டர். நாற்காலியில் உட்காரும் முன்பே "மயக்கிப் போட்டுட்டு எல்லாத்தையும் முடிச்சிடுங்க டாக்டர்" என்று கேட்பவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு விஷயங்கள் எல்லாவற்றுக்கும் மேலே. உங்கள் வேலை முடியப் போதுமான அளவுக்குக் குறைந்த மயக்கம் எதுவோ அதுதான் உங்களுக்கு நல்லது. அரைத் தூக்கத்துக்கு மேல் எதற்குப் போனாலும், பல்லைப் பார்க்கிற டாக்டரைத் தவிர உங்கள் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் இருக்க வேண்டும்.

முதலில், எதற்குப் பயம் என்று கண்டுபிடியுங்கள்

"பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஊசியைப் பார்த்தாலே தலைசுற்றும் ஆள், டிரில் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கும் ஆள், வாயில் கண்ணாடி வைத்தாலே குமட்டுகிறவர், சாய்த்துப் படுக்க வைத்தால் மூச்சு முட்டுகிறவர், சின்ன வயதில் யாரோ கையைக் காலைப் பிடித்துக்கொள்ளப் பல் பிடுங்கப்பட்டவர், "ஏன் இவ்வளவு நாள் வரல" என்று டாக்டர் திட்டுவாரோ என்று கூசுகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழி. குமட்டலுக்கு மூக்கு வழியே முகரக் கொடுக்கும் நைட்ரஸ் வாயு (பின்னால் வருகிறது) நன்றாக வேலை செய்யும். ஊசி பார்த்தால் மயங்கி விழுகிறவரைப் படுக்க வைத்து, கை கால் தசைகளை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஊசி போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். திட்டுக்குப் பயப்படுகிறவருக்கு மருந்தே வேண்டாம், வேறு டாக்டர்தான் வேண்டும்.

பயத்தை அளக்க ஒரு சின்னக் கேள்வித்தாள் உண்டு, ஐந்தே கேள்வி. நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி, டிரில் வைக்கப் போகிறார்கள் என்றால் எப்படி, பல் சுத்தம் செய்யும்போது எப்படி, மேல் கடைவாய் ஈறில் ஊசி போடும்போது எப்படி. ஒவ்வொன்றுக்கும் "பயமே இல்லை" என்றால் 1, "பயங்கரப் பயம்" என்றால் 5. கூட்டினால் 5-க்கும் 25-க்கும் நடுவில் வரும். 19-ம் அதற்கு மேலும் என்றால் நிஜமாகவே கடுமையான பயம், நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு தாளில் மார்க்கை எழுதி டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள், வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இது செய்யலாம்.

இன்னொன்று. முதல் விசிட்டில் எந்த வேலையும் செய்ய வேண்டாம், பார்த்து எக்ஸ்ரே எடுத்துப் பேச மட்டும் வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். ஒத்துக்கொள்ளாத டாக்டரை விட்டுவிடலாம்.

உடம்புக் கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள்

செடேஷனில், அதாவது பயம் தணிய மருந்து கொடுத்து அமைதியாக்குவதில், வரும் சிக்கல்கள் பலவும் மருந்தால் மட்டும் வருவதில்லை, சொல்லாமல் விட்ட விஷயத்தாலும் வருகின்றன. சத்தமாகக் குறட்டை விடுவீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவீர்களா என்று கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள், முடிந்தால் மனைவியையோ கணவரையோ கூட்டி வந்து அவரைச் சொல்லச் சொல்லுங்கள், ஏனென்றால் குறட்டைக்காரருக்கே அது தெரியாது. தூக்கத்தில் அடைக்கிற தொண்டை மயக்கத்திலும் அடைக்கும். அதிக எடை, குட்டைக் கழுத்து, வாய் சரியாகத் திறக்காமை (பான்பராக், குட்கா போட்டவர்களிடம் இது நிறைய) எல்லாமே மூச்சு விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை கேட்பவை.

குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். இதை யாரும் உங்கள் வீட்டில் போய்ச் சொல்லப்போவதில்லை. தினமும் குடிப்பவருக்குச் சாதாரண அளவு மருந்து பிடிக்காமல் போகலாம், அன்றைக்குக் குடித்துவிட்டு வந்தவருக்கு அதே அளவு மூச்சை அமுக்கிவிடலாம். தூக்க மாத்திரை, மனநல மாத்திரை, வலிப்பு மாத்திரை, சித்த வைத்தியர் கொடுத்த சூரணம், பூஞ்சைத் தொற்றுக்குப் போடுகிற மாத்திரை என்று எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் கொட்டிவிடுவது சிறந்தது. கர்ப்பம், பால் கொடுப்பது, கல்லீரல், நுரையீரல், இதய நோய், தசைச்சோர்வு நோய், கண்புரையைத் தவிர்த்த கண் ஆபரேஷன் எதையும் விடாதீர்கள். கண் ஆபரேஷன் எதற்கு என்று அடுத்து வருகிறது.

சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பட்டினி போடச் சொல்லும் செடேஷன் என்றால், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும் (வழக்கமாக 3 நாள்), அதை நீங்களாக நிறுத்தாமல் உங்கள் சர்க்கரை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். எடை குறைக்க வாராவாரம் ஊசி போடுகிறவர்களும் சொல்லியாக வேண்டும், அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். பிரஷர் மாத்திரையை டாக்டர் வேண்டாம் என்று சொன்னாலொழிய அன்றைக்கு விட்டுவிடக் கூடாது.

முதல் படி: மருந்தில்லா உத்திகளும் ஒழுங்காகப் போட்ட மரப்பு ஊசியும்

செடேஷன் எதுவாக இருந்தாலும், முழு மயக்கம் தவிர மற்ற எல்லாவற்றிலும், மரப்பு ஊசி போட்டே ஆக வேண்டும். செடேஷன் பயத்தைக் குறைக்கும், வலியை நிறுத்தாது. ஆகவே ஊசி போடுவதில் கைதேர்ந்த டாக்டர் கிடைத்துவிட்டால் பாதிப் பேருக்கு அடுத்த படிக்கு ஏறவே தேவையில்லை என்பது என் அனுபவம்.

நல்ல ஊசி எப்படி இருக்கும்? ஈறை முதலில் பஞ்சால் துடைத்துக் காய வைப்பார்கள், எச்சில் மேலே ஜெல் தடவினால் பிரயோஜனமில்லை. மரப்பு ஜெல்லைத் தடவி ஒன்றிரண்டு நிமிடம் காத்திருப்பார்கள். அப்புறம் கன்னத்தை இழுத்துப் பிடித்து, லேசாக ஆட்டிக்கொண்டே ஊசியை நுழைத்து, மருந்தை மிக மெதுவாக இறக்குவார்கள். வலிப்பதில் பெரும்பங்கு ஊசி முனையால் இல்லை, மருந்தைச் சடாரென்று அழுத்துவதால்தான். 1.8 மி.லி. மருந்தை இறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிற டாக்டர் உங்கள் நண்பர். மேல் அண்ணத்தில் போடும் ஊசி மட்டும் யார் போட்டாலும் கொஞ்சம் சுரீர் என்றுதான் இருக்கும், அங்கே சதை எலும்போடு ஒட்டிக்கிடக்கிறது.

ஊசி போட்டு ஒரு நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தால் பதறாதீர்கள். நாம் போடும் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தில் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும், மருந்து அதே இடத்தில் தங்குவதற்காக. அந்தப் படபடப்பு சில நிமிடங்களில் அடங்கிவிடும். இதைத்தான் பலர் "எனக்கு அந்த ஊசி அலர்ஜி" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், லிக்னோகெயினுக்கு நிஜமான அலர்ஜி மிக மிக அபூர்வம். ஆனாலும் அன்றைக்கு என்ன நடந்தது என்று அப்படியே சொல்லுங்கள், முடிவை டாக்டர் எடுக்கட்டும்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் போட்டால் கீழ் உதட்டில் பாதி கனத்துத் தடித்த மாதிரி ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் "இன்னும் மரக்கலை" என்று சொல்லிக் காத்திருங்கள். டாக்டர் அவசரப்பட்டால் நீங்கள் அவசரப்படாதீர்கள். கையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள், ஒரு தடவை தூக்கிப் பார்த்து நிஜமாகவே நிறுத்துகிறாரா என்று சோதித்தும் விடுங்கள். நிறுத்துகிறார் என்று தெரிந்த பிறகு பலர் கையைத் தூக்குவதே இல்லை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம், காலை முதல் அப்பாயின்ட்மென்ட் வாங்கலாம், இவை எல்லாம் சின்ன உதவிகள்தான், ஆனால் இலவசம். வருஷக்கணக்காக ஆட்டிவைக்கிற பயம் என்றால் மனநல ஆலோசகரிடம் சில அமர்வுகள் போவதைத் தட்டிக் கழிக்காதீர்கள், சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை பல் பயத்துக்கு வேலை செய்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. செடேஷன் அன்றைய வேலையை முடித்துத் தரும், பயத்தை எடுத்துவிடாது.

வெறும் மரப்பு ஊசிக்குச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பட்டினியோடு வந்து, பயமும் சேர்ந்து, ஊசி போட்டதும் மயங்கிச் சரிகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாம் படி: மூக்கு வழியே வாயு

நைட்ரஸ் ஆக்சைடு. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர், இந்த வாயுவை முகர்ந்து வேடிக்கை காட்டும் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தார். வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் நன்றாக அடிபட்டும் வலியே தெரியாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாளே தானும் முகர்ந்துகொண்டு இன்னொரு டாக்டரை விட்டுத் தன் பல்லையே பிடுங்கிக்கொண்டார். ஆக, இந்த வாயு மயக்க மருத்துவத்துக்கு வந்ததே பல் டாக்டரின் நாற்காலி வழியாகத்தான்.

இன்றைக்கு இருக்கிற மெஷினில் நீல நிற சிலிண்டர் ஒன்று (நைட்ரஸ்), கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளும் உள்ள சிலிண்டர் ஒன்று (ஆக்சிஜன்), மேலே இரண்டு கண்ணாடிக் குழாய்களில் மிதக்கும் உருண்டைகள், கீழே தொங்கும் ஒரு ரப்பர் பை. மூக்கில் சின்ன முகமூடி வைத்து முதலில் வெறும் ஆக்சிஜன் கொடுப்பார்கள். நீங்கள் மூச்சு விடும்போது அந்தப் பை உப்பிச் சுருங்குவது தெரியும். அப்புறம் நைட்ரஸைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் 10 சதவீதம்போல ஏற்றுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஒழுங்கான மெஷினில் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே போகவே போகாதபடி பூட்டு இருக்கும், ஆக்சிஜன் நின்றால் நைட்ரஸும் நின்றுவிடும்.

மூன்று நாலு நிமிடத்தில் விரல் நுனியும் கால் விரலும் சுறுசுறுக்கும், உடம்பு கதகதப்பாகும், டிரில் சத்தம் பக்கத்து அறையில் கேட்பது போல ஆகும், எதற்கும் அவசரமில்லை என்று தோன்றும். பேசினால் பதில் சொல்வீர்கள். குமட்டினாலோ, அறை சுற்றினாலோ, காரணமில்லாமல் அழுகையோ சிரிப்போ அடக்க முடியாமல் வந்தாலோ அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், உடனே சொன்னால் குறைத்துவிடுவார்கள், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் சுத்த ஆக்சிஜன் கொடுத்தே தீர வேண்டும். அதை முடிக்காமல் முகமூடியைக் கழற்றினால் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும்.

நைட்ரஸின் அழகே அது வந்த வேகத்தில் போய்விடுவதுதான். ஆனால் எல்லோருக்கும் ஆகாது. மூக்கடைப்பு, சளி என்றால் வேலையே செய்யாது, தேதியை மாற்றுங்கள். முகமூடி வைத்தால் மூச்சு முட்டுகிறவர்களுக்கு இது எதிர்மாறாகப் போகும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், கடுமையான நுரையீரல் நோய், காதில் அடைப்பு, குடல் அடைப்பு இருந்தால் தவிர்ப்பது வழக்கம். விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருந்தால் நைட்ரஸ் அதற்குள் புகுந்து விரிய வைத்துப் பார்வையையே பறிக்கலாம், அதற்காகத்தான் கண் ஆபரேஷனைக் கேட்டேன். நைட்ரஸ் உடம்பில் இருக்கும் பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்யும். ஆரோக்கியமானவருக்கு ஒரு தடவை கொடுப்பதில் பெரிய விஷயமில்லை, ஆனால் சுத்த சைவக்காரர்களிடம் பி12 குறைபாடு சகஜம் என்பதால் ஏற்கெனவே குறைவு என்று டெஸ்டில் வந்திருந்தால் சொல்லுங்கள்.

எனக்குக் கேட்டால், பயந்தவர்களுக்கு முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதுதான். எல்லா ஊரிலும் மெஷின் இருக்காது, பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குழந்தைகளுக்கான பல் கிளினிக்குகளிலும் முதலில் விசாரியுங்கள்.

மூன்றாம் படி: மாத்திரை

பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் வரவைக்கும் டயாசெபாம், லோராசெபாம், அல்ப்ராசோலம் குடும்பம். முந்தின ராத்திரி தூங்க ஒன்று, வேலைக்கு ஒரு மணி நேரம் முன் ஒன்று என்று கொடுப்பது பழைய வழக்கம். மலிவு, மெஷின் வேண்டாம், ஊசி வேண்டாம். குறையும் அதுதான்: விழுங்கிய பிறகு யாராலும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒருவருக்குப் பூனை நடந்த மாதிரிகூட இருக்காது, அதே மாத்திரையில் இன்னொருவர் எழுப்பினாலும் எழமாட்டார். பிடிக்கவில்லையே என்று இன்னொன்று போடுவதுதான் பெரிய தப்பு, முதல் மாத்திரையும் இரண்டாவதும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஏறும், அப்போது நீங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் இருப்பீர்கள்.

டயாசெபாம் உடம்பை விட்டுப் போக நாள் கணக்காகும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால் 60, 65-ஐத் தாண்டியவர்களுக்கு அளவைப் பாதியாக்குவார்கள், பாத்ரூமில் தடுமாறி விழுவதுதான் அவர்களுக்கு நிஜமான ஆபத்து. இருமல் மருந்தில் இருக்கும் கோடீன், டிரமடால் போன்ற வலி மாத்திரை, சாராயம் மூன்றோடும் இது சேரவே கூடாது, மூச்சு குறையும்.

டயாசெபாமும் அல்ப்ராசோலமும் நம் நாட்டில் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் மருந்துக்கடைக்காரர் டாக்டர் பெயரையும் உங்கள் பெயரையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டு மாமி தூக்கத்துக்குப் போடுகிற மாத்திரையில் பாதியை வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிற வேலை வேண்டாம். வந்தாலும் என்னிடம் சொல்லாமல் நாற்காலியில் உட்காராதீர்கள்.

நான்காம் படி: கையில் வென்ஃப்ளான் (ரத்தக் குழாயில் செருகும் சின்னக் குழாய்) போட்டு மருந்து ஏற்றுவது

ஞானப்பல் எலும்புக்குள் புதைந்து கிடக்கிறது, நாலையும் ஒரே தடவையில் எடுக்க வேண்டும், அல்லது அந்த ஐந்து கேள்வித் தாளில் மார்க் 23 வந்திருக்கிறது என்றால் இங்கே வரலாம். பெரும்பாலும் மிடாசோலம் என்ற மருந்து. ஒரு மில்லிகிராம் கொடுத்துவிட்டு, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்து, இமை தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்து அடுத்ததைக் கொடுப்பார்கள். காத்திருப்பதுதான் இதில் திறமையே. அவசரமாகக் கொடுத்தால் கொடுத்ததெல்லாம் சேர்ந்து பிறகு ஏறும்.

இது தூக்கம் இல்லை. "வாயை நல்லா திறங்க" என்றால் திறப்பீர்கள், ஆனால் பிறகு எதுவும் ஞாபகம் இருக்காது. பல பேருக்கு இதுதான் பெரிய வரம். ஞாபகம் இருக்காது என்பதால் சம்மதக் கையெழுத்து, எந்தெந்தப் பல், எவ்வளவு செலவு என்ற பேச்செல்லாம் மருந்துக்கு முன்பே, முடிந்தால் வேறொரு நாளிலேயே முடிந்திருக்க வேண்டும். பிறகு சொல்லும் அறிவுரைகளைக் கூட வந்தவரிடம்தான் சொல்ல வேண்டும், எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம், இந்த மருந்தில் சிலருக்கு நிஜம்போலவே கனவுகள் வரும். ஆகவே அறையில் டாக்டரும் நீங்களும் மட்டும் இருக்கவே கூடாது, உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு, டாக்டருக்கும் அதுதான்.

கூப்பிட்டால் பதில் வராத அளவுக்குப் போனால் அது ஆழ்ந்த செடேஷன், விஷயமே வேறு. தொண்டை தளர்ந்து நாக்கு பின்னால் சரியும், அதே வாயில்தான் தண்ணீரும் ரத்தமும் பல் துண்டும் இருக்கின்றன. பால் வெள்ளையாக ஒரு மருந்து ஏற்றினால் அது புரோபோஃபால், அதன் வேலையை முறிக்கும் மாற்று மருந்து கிடையாது, மயக்க மருந்து டாக்டர் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. மிடாசோலத்துக்கு ஃப்ளூமாசெனில் என்ற மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துபோய் மயக்கம் திரும்பவும் ஏறலாம், ஆகவே அது கொடுத்தவரை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பை மட்டும் நம்புவது போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றால்கூட அந்த எண் இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் மானிட்டர்தான் முதலில் மணி அடிக்கும். அதுவும், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிற ஒரு ஆளும் இருந்தால் நிம்மதி.

கடைசிப் படி: முழு மயக்கம்

ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டரில், மூக்கு வழியே குழாய் விட்டுச் செய்வது. மூன்று வயதுக் குழந்தைக்கு வாய் முழுக்கச் சொத்தை, ஒத்துழைக்க முடியாத சிறப்புக் குழந்தைகள் அல்லது பெரியவர்கள், பெரிய தாடை ஆபரேஷன், வேறு எந்த வழியும் பலிக்காத பயம், இவர்களுக்கு. ரத்த டெஸ்ட், ஈசிஜி, மயக்க டாக்டரின் ஃபிட்னஸ் எல்லாம் உண்டு. ஒரே தடவையில் எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்பது லாபம். ஒரு சாதாரணப் பல் அடைக்க இதைக் கேட்பவர்களிடம் நான் ஒத்துக்கொள்வதில்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், பெரும்பாலான பாலிசிகளில் விபத்தைத் தவிர பல் சிகிச்சைக்குப் பணம் வராது, முதலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

குழந்தைகள் என்றால்

குழந்தையின் மூச்சுக் குழாய் சின்னது, ஆக்சிஜன் கையிருப்பும் குறைவு, சிக்கல் வந்தால் நொடிகளில் வரும். "தூங்க வைக்கிற சிரப்" என்று கொடுத்து வீட்டிலேயே ஊற்றிக்கொண்டு வரச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காரில் கழுத்து மடங்கி உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு மூச்சு அடைத்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. கிளினிக்கில் வைத்து, எடை போட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். துப்பிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது, அதனால் திரும்ப ஊற்றக் கூடாது. ஆழ்ந்த செடேஷன் என்றால் குழந்தைகளுக்கான உயிர்காப்புப் பயிற்சி பெற்ற இரண்டு பேராவது கூடவே இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்புகள் 2019-ல் திருத்தி எழுதின. அங்கே மட்டுமல்ல, எங்கும் கேட்க வேண்டியதுதான்.

வீட்டில் "சொன்ன பேச்சு கேக்கலேன்னா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மிரட்டுவதை நிறுத்துங்கள். நீங்கள் வருஷக்கணக்கில் ஊட்டியதை நான் பத்து நிமிடத்தில் எடுக்க முடியாது.

போன் போட்டுக் கேட்க வேண்டியவை

அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன் இதைக் கேளுங்கள். எந்த மருந்து, எந்த வழியில்? யார் கொடுக்கிறார், அவர் மயக்க மருந்து டாக்டரா, பயிற்சி பெற்ற பல் டாக்டரா? வேலை நடக்கும்போது மூச்சைப் பார்த்துக்கொள்வது யார்? ஆக்சிஜன் சிலிண்டர், உறிஞ்சும் மெஷின், அம்பு பை (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), மாற்று மருந்து எல்லாம் அறைக்குள்ளேயே இருக்கிறதா? நிலைமை மோசமானால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை நிமிடத்தில்? மயக்க டாக்டரின் கட்டணம் தனியா?

"அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் சார்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். நல்ல இடத்தில் ரிசப்ஷனில் இருப்பவரால் சொல்ல முடியாவிட்டாலும் டாக்டரே திரும்பக் கூப்பிட்டுச் சொல்வார்.

முந்தின நாளும் அன்றைக்கும்

வாயுவுக்கு இரண்டு மணி நேரம் முன் இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டால் போதும். கையில் ஏற்றும் மருந்துக்கும் முழு மயக்கத்துக்கும் வழக்கமான கணக்கு: தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன் வரை, தாய்ப்பால் 4 மணி, பாலும் லேசான சாப்பாடும் 6 மணி, பிரியாணி, பரோட்டா, எண்ணெயில் பொரித்தது என்றால் 8 மணி. காலையில் ஒரு வாய் பால் காபி குடித்தேன், அது சாப்பாடா என்பார்கள். ஆமாம், பால் சேர்ந்தால் 6 மணி நேரக் கணக்குத்தான். குடித்துவிட்டால் மறைக்காதீர்கள், வேலை தள்ளிப்போகும், அவ்வளவுதான். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

நெயில் பாலிஷ், கறுப்பு மருதாணி இரண்டும் விரல் கிளிப்பின் ரீடிங்கைக் குழப்பலாம், ஒரு விரலையாவது சுத்தமாக வைத்திருங்கள். இறுக்கமில்லாத சட்டை, மேலே தள்ளிவிடக்கூடிய கை, தட்டையான செருப்பு. கூட வருபவர் பெரியவராக இருக்க வேண்டும், வேலை முடியும் வரை வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும், "முடிஞ்சதும் போன் பண்ணுங்க, வரேன்" என்பவர் வேண்டாம்.

வீட்டுக்குப் போவதில் நம் ஊருக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. வண்டி ஓட்டக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், பைக்கில் பின்னால் உட்கார்ந்தும் போகக் கூடாது என்று யாரும் நினைப்பதில்லை. மாத்திரை போட்டவரோ கையில் மருந்து ஏற்றியவரோ வேகத்தடையில் கண் அசந்து சரிந்துவிடுவார். ஆட்டோ அல்லது கார், கூட ஒருவர் பக்கத்தில். அடுத்த 24 மணி நேரம் வண்டி, அடுப்பு, மிஷின் வேலை, பத்திரத்தில் கையெழுத்து, கைக்குழந்தையைத் தூக்குவது, சாராயம் எதுவும் கூடாது. வாயு மட்டும் வாங்கியவருக்கு இத்தனை கட்டுப்பாடு இல்லை, டாக்டர் விடுவித்ததும் போகலாம்.

மரப்பு விடும் வரை குழந்தைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள், சூடாக எதுவும் கொடுக்காதீர்கள். குறட்டை மாதிரி மூச்சுச் சத்தம், உதடு நீலமாவது, தட்டி எழுப்பினாலும் எழாதது, நிற்காத வாந்தி, இவற்றில் எது வந்தாலும் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள், டாக்டருக்கு அப்புறம் பேசலாம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால், தையல் பிரிக்க வரும் நாளிலேயே அடுத்த அப்பாயின்ட்மென்ட்டையும் வாங்கிவிடுங்கள், பல் சுத்தம் செய்வது மாதிரி வலியில்லாத வேலை ஒன்றுக்கு, இந்தத் தடவை ஒரு படி கீழே. கையில் ஏற்றியவர் வாயுவுக்கு, வாயு வாங்கியவர் வெறும் ஹெட்போனுக்கு. நாள் தள்ளிப்போனால் பயம் பழைய இடத்துக்கே வந்துவிடும், ஆகவே ஒரு மாதத்துக்குள் தேதி கேளுங்கள்.